ஆறாம் இடத்தில் அக்கா

786

ஆரணி,
ரமலான் பிறை 6
29-6-1982, செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் நிசாருத்தீனுக்கு அம்மாவின் ஸலாம். அல்லாஹ்வின் கருணையால் அத்தாவும் நானும் நோன்பும் தொழுகையுமாக இருக்கிறோம், அந்த ஊர் வெயிலில் உன் உடம்புக்கு ஒன்றும் வராமல் முப்பது நோன்பும் முடிய வேண்டும் என்று ஐந்து வேளையும் துஆ கேட்கிறேன். சுகம் விசாரிப்பது இத்தோடு சரி. இனி எழுதப்போவது முழுவதும் கோபம்தான், வேலை அவசரத்தில் பிரிக்காதே, ரூமுக்குப் போய் உட்கார்ந்து படி.

முதலில், உன் கடிதத்தைப் படித்தபோது இங்கே யார் யார் இருந்தார்கள் என்று சொல்லிவிடுகிறேன். நோன்புக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, ஜூன் இருபதாம் தேதி, அஸர் தொழுகை முடிந்த நேரம். நீ வேலை செய்கிற தம்மாமிலிருந்து உன் கடிதத்தையும் டிராஃப்டையும் கொண்டுவந்த ஆற்காடு வஜீர் பாய் நாற்காலியில். அத்தா கட்டிலில். உன் அக்கா கைருன்னிசா கீழே பாயில், முறத்தில் அரிசி வைத்துப் பொறுக்கிக்கொண்டு. எதிர்வீட்டு ஜெயவேலு சம்சாரம் கற்பகம் வாசல் படியில், தறி வேலையை விட்டுவிட்டு உன் சேதி கேட்க வந்தவள். நடுவில் நான். மொத்தம் ஐந்து பேர். வீட்டுக்கு வந்தவர் கொண்டுவந்த கடிதத்தை அவர் எதிரிலேயே படித்துக் காட்டுவது நம் பக்கத்து வழக்கம், அவர் திரும்பிப் போய் உன்னிடம் எல்லாரும் கேட்டுச் சந்தோஷப்பட்டார்கள் என்று சொல்ல வேண்டும் அல்லவா. அதனால் அத்தா என்னைப் படிக்கச் சொன்னார். நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. நீங்கள் இரண்டு பேரும் ஒன்றாம் வகுப்பு படித்தபோது உங்கள் சிலேட்டைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. இன்றைக்கும் எனக்கு வாய்விட்டுத்தான் படிக்க வரும். கண் முன்னால் போய் அடுத்த வரியைப் பார்த்து, இதைச் சொல்லலாம் இதைச் சொல்லக் கூடாது என்று நிறுத்திக்கொள்ளத் தெரியாது, எழுத்து தெரிந்தால் சத்தமும் வந்துவிடும். அப்படித்தான் ஏழைகளுக்குச் சேர வேண்டிய உன் ஜகாத்துப் பட்டியல் முழுவதையும் ஐந்து பேர் கேட்க நானே படித்தேன்.

நீ எழுதினதை மறந்திருப்பாய், நான் எழுதுகிறேன். இந்த வருடத்து ஜகாத்து மூவாயிரத்து இருநூறு ரூபாய். ஒன்று, அம்மா அத்தாவுக்கு ஆயிரம். இரண்டு, பள்ளிவாசல் மினாராவுக்கு ஆயிரம், பளிங்குக் கல்லில் பெயர் வெட்டச் சொல்லவும். மூன்று, மதரஸா பிள்ளைகளுக்கு எழுநூறு. நான்கு, அநாதை இல்லத்துக்கு நானூறு. ஐந்து, கற்பகம் அக்காவுக்கு நூறு. ஆறு, மீதி இருந்தால் கைரு அக்காவுக்கு, மச்சானுக்கு மில்லில் சம்பளம் வருகிறது, அக்கா கழுத்தில் ஐந்து சவரனும் இருப்பதால் அவருக்கு ஜகாத்து சேராது என்று இங்கே விஷயம் தெரிந்தவர் சொல்கிறார், அதனால் கடைசியில் போட்டிருக்கிறேன். இதுதான் நீ எழுதினது. கீழே கோடு போட்டுக் கையெழுத்து வேறு. ஒவ்வொருவரிடமும் பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்து வாங்கி அனுப்பச் சொன்னாயே, அங்கே நீ வேலை பார்க்கிற ஸ்டோரில் சிமெண்டு மூட்டை கொடுக்கிற பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது.

நான் படித்து முடித்ததும் வஜீர் பாய்தான் மாஷா அல்லாஹ் என்றார், பாவம் அவருக்கு என்ன தெரியும். அத்தா முதலில் சிரித்தார். "இன்னாம்மா, நாமளும் ஜகாத்து வாங்கற ஜனங்க ஆயிட்டோமா" என்று கேட்டார், அப்பால் எழுந்து போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை அவர் நூல் பட்டன் கடையைத் திறப்பதே இல்லை என்பது உனக்குத் தெரியும். கைரு அரிசியைப் பொறுக்கி முடித்து, முறத்தைத் தட்டி மூலையில் சாய்த்து வைத்துவிட்டு, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். டீ குடித்துவிட்டுப் போயேன் என்றேன். "இல்லமா, மீதி ஒண்ணும் இல்ல. நீ படிக்கும்போதே நான் கூட்டிப் பாத்துட்டேன்" என்றாள். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். அப்புறம்தான் நான் பென்சிலை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். ஆயிரமும் ஆயிரமும் எழுநூறும் நானூறும் நூறும். மூவாயிரத்து இருநூறு. சரியாக முடிந்துபோகிறது. இல்லாத மீதியை நீ அக்காவுக்கு எழுதியிருக்கிறாய், அதை நான் சத்தம் போட்டுப் படித்திருக்கிறேன். கற்பகம் வீட்டில் உட்கார்ந்து தறிக்கு நூல் தார் சுற்றி, நூறு தாருக்கு இவ்வளவு என்று மனதிலேயே கூலி கூட்டுகிறவள் அவள், ஐந்து எண்ணைக் கூட்ட அவளுக்குப் பென்சில் வேண்டாம்.

கற்பகம் படியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. அவள் பேரும் வந்ததில் அவளுக்கு வெட்கம். "உம் புள்ள நல்லாத்தான் கணக்கு போட்டுகிறான், எதிர் ஊட்டுக்காரி அஞ்சாவது, கூடப் பொறந்தவ ஆறாவது. எனக்கு அந்த நூறு வேணாம்மா, அது எந்த மூஞ்சிய வெச்சிகினு நான் வாங்கறது" என்றாள். இந்து வீட்டுப் பெண்ணுக்குத் தெரிந்த வரிசை உனக்குத் தெரியவில்லை.

இப்போது மார்க்கத்தைப் பேசுவோம், நீயும் அதைத்தானே பேசியிருக்கிறாய். நான் ஆலிம் இல்லை. ஆனால் இருபத்தைந்து வருடமாகப் பெண்கள் பயானில் உட்கார்ந்திருக்கிறேன், கேட்டதை அன்றன்றைக்கு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், நம் வீட்டு ஜகாத்தை அத்தா என்னிடம்தான் கணக்குப் பார்க்கச் சொல்வார். சொந்தக்காரருக்கு முதலில் கொடு என்று பயானில் கேட்டதும் நீ என்னைக் கொண்டுபோய் முதல் வரியில் உட்கார வைத்துவிட்டாய். மரியாதை என்று நினைத்திருப்பாய். பெற்றவர்களுக்கு ஜகாத்து செல்லாது, தம்பி. பெற்ற பிள்ளைகளுக்கும் செல்லாது, கட்டின மனைவிக்கும் செல்லாது. ஏன் என்றால் அவர்களுக்குச் சோறு போடுவது உன் மேல் ஏற்கெனவே கடமை, அந்தக் கடமையை ஜகாத்துப் பணத்தில் தீர்த்துக்கொண்டால் உன் ஒரு பாக்கெட்டில் இருந்து எடுத்து இன்னொரு பாக்கெட்டில் போட்டது போல. மாதாமாதம் நீ அனுப்புகிற நானூறை நான் இதுவரைக்கும் வாங்கும்போது கூச்சப்பட்டதில்லை, என் மகன் சம்பாத்தியம் என்று நிமிர்ந்து வாங்கினேன். இந்த ஆயிரம் வேறு. இதைத் தொட்டால் உனக்கும் ஜகாத்து நிறைவேறவில்லை, எனக்கும் மகன் இல்லை என்று ஆகும். அதனால்தான் அத்தா எழுந்து கடைக்குப் போனார். நீ எங்களை மேலே வைத்ததாக நினைத்தாய், வெளியே வைத்திருக்கிறாய்.

அடுத்தது மினாரா. கடிதம் படித்த மறுநாளே பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கிற முத்தவல்லி வாசலில் நிற்கிறார். யார் சொன்னது என்று எனக்குத் தெரியாது, வஜீர் பாய் மக்ரிபுக்கு நம் பள்ளிவாசலில் தொழுதிருக்கிறார், அவ்வளவுதான் தெரியும். "ஜல்தியா குடுத்தீங்கன்னா நல்லாருக்கும்மா, கல்லுல பேர் வெட்டறவன் வேலூர்ல இருந்து வந்து காத்துகினு இருக்கான், எழுத்துக்கு மூணு ரூபாங்கறான், நிசாருத்தீன்னு மட்டும் வெட்டறதா, அத்தா பேரையும் சேக்கறதா" என்று கேட்கிறார். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, இது ஜகாத்துப் பணம், கட்டடத்துக்குச் சேருமா என்று மார்க்கம் படித்த ஹஜ்ரத்தைக் கேட்டுவிட்டுத் தருகிறேன் என்றேன். அவருக்கு முகம் சரியில்லை. "எல்லாரும் குடுக்கறாங்கம்மா, நீங்க ஒருத்தர்தான் கேள்வி கேக்கறீங்க" என்றார். எனக்குப் பதில் தெரியும், ஆனால் பெண் பிள்ளை சொன்னாள் என்று போய்விடக் கூடாது என்பதால் அத்தாவை அனுப்பி ஹஜ்ரத்திடம் கேட்டேன். அவர் முத்தவல்லியை வைத்துக்கொண்டே சொன்னாராம், "ஜகாத்துன்னா வாங்கறதுக்கு ஒரு கை வேணும் பாய். மினாராவுக்கு எங்க இருக்குது கை? உங்க சொந்தக் காசுல கட்டுங்க, அல்லாஹ் தாராளமா கூலி குடுப்பான்" என்று. அது அத்தாவுக்கு ரொம்பப் பிடித்துப்போய் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். முத்தவல்லி ஒரு வாரமாக அவருக்கு ஸலாம் சொல்வதில்லை.

ஆக நீ மேலே போட்ட இரண்டு வரியும் செல்லாது. ஐந்தாவதும் செல்லாது, கற்பகத்துக்கு ஜகாத்துக் கணக்கில் கொடுக்க நம் மத்ஹபுச் சட்டத்தில் இடம் இல்லை, ஆனால் ஸதகாவாக, நம் இஷ்டத்துக்குச் செய்கிற தர்மமாகத் தாராளமாகக் கொடுக்கலாம். கொடுக்கவும் வேண்டும். இரண்டு அண்டை வீட்டார் இருந்தால் எந்த வாசல் கிட்டே இருக்கிறதோ அதற்கு முதலில் கொடு என்பது நான் கேட்டது, கற்பகம் வாசல் நம் வாசலுக்குப் பத்தடி. அந்த நூறை உன் கைக்காசில் இருந்து தனியாக அனுப்பு, பெருநாள் புடவை என்று நான் எடுத்துக் கொடுக்கிறேன். உனக்கு மதரஸாவும் அநாதைப் பிள்ளைகளும் மட்டும்தான் சரியாக வந்திருக்கிறது. ஆறில் இரண்டு. கணக்கு வாத்தியார் இதற்கு உன்னை பெஞ்சி மேல் ஏற்றியிருப்பார்.

இனி ஆறாவது வரி. இதைத்தான் எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இத்தனையும் எழுதினேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம் கைரு நம் வீட்டுப் படி ஏறவில்லை. வேலைக்கு வராமல் இல்லை, தினமும் காலையில் கற்பகம் வீட்டுக்கு வருகிறாள், சாயந்திரம் போகிறாள். நான் வாசல் தெளிக்கிற மாதிரி நின்று பார்ப்பேன், முக்காட்டை இழுத்துக்கொண்டு நேராகப் பார்த்துப் போவாள். கற்பகம் தறியில் உட்கார்ந்தபடியே அவளைக் கேட்டிருக்கிறாள், "உங்கம்மா ஊடு இன்னா வடநாட்டுக்கா போயிடுச்சி, திரும்பிக் கூடப் பாக்க மாட்டேன்ற" என்று. அவள் ராட்டையைச் சுற்றிக்கொண்டே இருந்தாளாம்.

பிறை இரண்டு, வெள்ளிக்கிழமை, நானே நோன்புக் கஞ்சித் தூக்கை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். நீ உன் மச்சானுக்கு மில்லில் சம்பளம் வருகிறது என்று எழுதியிருந்தாய். அது உன் தப்பு இல்லை, என் தப்பு. நான்தான் உனக்கு டிசம்பரில் எழுதினபோது சுபான் மச்சானுக்கு இடுப்பு வலி, ஓய்வில் இருக்கிறார் என்று எழுதினேன். நீ தூரத்தில் இருக்கிறவன், கவலைப்படுவாய் என்று சின்னதாக எழுதினேன். நடந்தது என்ன என்றால் போன நவம்பரில் அவர் அரிசி மில்லில் அட்டி இறக்கும்போது நெல் மூட்டைகள் சரிந்து அவர் மேல் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. மில்காரர் இரண்டு மாதம் பாதிச் சம்பளம் கொடுத்தார், அதற்கு மேல் இல்லை. தேவிகாபுரம் பக்கம் எலும்பு கட்டுகிறவரிடம் கட்டினார்கள், அது கோணலாகச் சேர்ந்துவிட்டது. ஏழு மாதமாகக் கட்டிலில் இருக்கிறார். சுவரைப் பிடித்துக்கொண்டு கழிப்பறை வரைக்கும் போவார், கைரு தாங்கிக்கொள்வாள். மே மாதம் வேலூரில் பெரிய டாக்டரிடம் காட்டினார்கள், திரும்ப உடைத்து உள்ளே இரும்புத் தகடு வைத்தால் நடப்பார், மழைக்காலத்துக்குள் செய்யாவிட்டால் அப்புறம் செய்தும் பிரயோசனம் இல்லை என்று சொல்லி ஆகஸ்டு ஒன்பதாம் தேதி என்று குறித்துக் கொடுத்திருக்கிறார். ஆபரேஷன், தகடு, இருபது நாள் படுக்கை, எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்து ஐந்நூறு. அதை ஜூலை முப்பத்தொன்றுக்குள் கட்டவேண்டும். அத்தாவும் நானும் போஸ்டாபீசில் இருந்ததை எடுத்து ஏற்கெனவே அவர்கள் சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் கொடுத்து முடித்துவிட்டோம்.

நான் போனபோது கைரு தொழுகைக்குக் கை கால் முகம் கழுவி ஒளு செய்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் வாங்கம்மா என்றாள், விருந்தாளியைச் சொல்கிற மாதிரி. முக்காடு தோளில் இறங்கியிருந்தது, கழுத்தில் தண்ணீர் வழிந்தது, அங்கே செயின் படுகிற இடம் முழுவதும் பச்சையாக இருந்தது. தங்கம் பச்சை ஏறுமா. நான் கிட்டே போய் விரலால் செயினைத் தூக்கினேன், கனமே இல்லை. நாம் அவள் கல்யாணத்துக்குப் போட்ட ஐந்து சவரன் கைக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா, பஜாரில் நான்தானே நின்று எடை போட்டு வாங்கினேன். கைரு என் கையைத் தள்ளிவிட்டு முக்காட்டை இழுத்துக்கொண்டாள். அப்புறம் அவளே சொன்னாள், "டிசம்பர்லயே போச்சுமா. இது கவரிங்கு, பதினெட்டு ரூபா. வெறுங்கழுத்தோட தெருவுல போனா அவங்க தம்பிங்க, இந்தத் தெரு ஜனங்க எல்லாரும் பாவம் பாவம்னு சொல்லிகினு வருவாங்க, அது எனக்கு பேஜாரு" என்று. தம்பிக்கு எழுதட்டுமா என்று கேட்டேன். "வேணாம். எழுதினா பாவம்னு குடுப்பான். மீதின்னு குடுத்தத விட அது இன்னும் மோசம்" என்றாள்.

உள்ளே கட்டிலில் இருந்து உன் மச்சான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "மாமி, நிசாரு மேல எனக்குக் கோவம் இல்லீங்க. மினாரா நிக்குது, நான் படுத்துகினு இருக்கேன், நிக்கறவங்களுக்குத்தான முன்னால குடுப்பாங்க" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். கைரு சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. திரும்பி வரும்போது தூக்கைக் கழுவி அதில் நாலு பேரீச்சம்பழம் போட்டுக் கொடுத்தாள். வெறும் தூக்காகத் திருப்பித் தரக் கூடாது என்று இன்னும் நினைக்கிறவள். அந்தப் பேரீச்சம்பழம் போன வருடம் நீ அனுப்பினது, பெட்டியில் கடைசியாக இருந்தது.

தம்பி, யார் கேட்காமல் இருக்கிறார்களோ, கேட்காததால் வெளியே பார்க்கிறவன் இவர்களுக்கு என்ன குறை என்று நினைத்துவிடுகிறானோ, அவர்களைத் தேடிக் கொடு என்று மார்க்கம் சொல்கிறது. வாசலுக்கு வந்து நிற்கிற முத்தவல்லியை நீ தேட வேண்டியதில்லை. அக்காவுக்கு ஐந்து சவரன் இருந்திருந்தால் நீ எழுதின சட்டம் சரிதான், நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன். இப்போது அவளிடம் இருப்பது பதினெட்டு ரூபாய் பித்தளை. உன் மச்சானிடம் அதுவும் இல்லை. கூடப் பிறந்தவளுக்கும் அவள் புருஷனுக்கும் ஜகாத்து முழுக்கச் செல்லும், அதில் உனக்கு இரண்டு கூலி, கொடுத்ததற்கு ஒன்று, உறவைச் சேர்த்ததற்கு ஒன்று. அந்த விஷயம் தெரிந்தவரையே கேட்டுப் பார், ஆனால் இந்த முறை கேள்வியை முழுசாகக் கேள். என் அக்கா கழுத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது என்பதையும் சேர்த்துக் கேள்.

என்னுடைய கணக்கு இதுதான். இரண்டாயிரத்து ஐந்நூறு சுபான் மச்சான் கையில். ஐந்நூறு மதரஸாவில் வசதி இல்லாத பிள்ளைகளுக்கு, அங்கே தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள், வண்டிக்காரர் பிள்ளைகள் பதினோரு பேர் இருக்கிறார்கள், பேர் எழுதி வாங்கி வைத்திருக்கிறேன். இருநூறு அநாதை இல்லத்துக்கு. எங்களுக்கு ஒன்றும் இல்லை, மாதப் பணத்தை மட்டும் எப்போதும் போல் அனுப்பு, இந்த மாதத்துடையது ஆயிரத்தில் சேர்ந்தது என்று நீ விட்டுவிட்டாய், அது கடன் நிற்கிறது. கைருவிடம் கையெழுத்து எல்லாம் வாங்க மாட்டேன். ஜகாத்து என்று வாங்குகிறவரிடம் சொல்ல வேண்டும் என்று எங்கும் இல்லை, கொடுக்கிறவன் மனதில் இது ஜகாத்து என்ற நிய்யத்து இருந்தால் போதும். மச்சானிடம் ஆபரேஷனுக்கு நிசார் அனுப்பினான் என்று சொல்லிக் கொடுத்துவிடுவேன், அவர் வாங்கிக்கொள்வார், அவருக்கு நடக்க வேண்டும் என்ற ஆசை ரோசத்தை விடப் பெரிது. கைருவுக்குத்தான் அது போதாது. அவள் அந்தப் பட்டியலைக் காதால் கேட்டவள்.

இதில் நான் மாட்டிக்கொண்டிருக்கிறேன் பார். பணம் என் பெட்டியில் இருக்கிறது, டிராஃப்டை அத்தா மாற்றிக்கொண்டு வந்துவிட்டார். நாளைக்கே கொண்டுபோய்க் கொடுக்க எவ்வளவு நேரம் ஆகும். ஆனால் நீ என்னை உனக்குப் பதிலாகக் கொடுக்கிற வக்கீலாக வைத்திருக்கிறாய், இன்னாருக்கு இவ்வளவு என்று எழுதிக் கொடுத்திருக்கிறாய். உன் பணத்தை நீ சொல்லாத இடத்தில் நானாகக் கொடுத்தால் உன் ஜகாத்து செல்லாது, நான் நம்பி ஒப்படைத்த அமானிதத்தை மாற்றினவள் ஆவேன். அந்தப் பயத்தில்தான் ஒன்பது நாளாக ஒரு ரூபாயைத் தொடவில்லை. அத்தா, "பெத்த புள்ள பணம்தான, இன்னாத்துக்கு இவ்ளோ சட்டம் பேசற" என்கிறார். சட்டம் பேசாவிட்டால் யாருக்கு யார் முதலில் என்பதே இல்லாமல் போய்விடும், அவரவர் பெயரைக் கல்லில் வெட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் நீ சொல்ல வேண்டும். உன் கையெழுத்தில், பழைய பட்டியல் ரத்து, அம்மா சொன்னபடி கொடுக்கவும் என்று ஒரே வரி போதும். காரணம் எழுத வேண்டாம்.

அதோடு அக்காவுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது. கவருக்குள் கவராக வை, மேலே அவள் பேரை எழுது, நான் பிரிக்க மாட்டேன், வாய்விட்டும் படிக்க மாட்டேன். அதில் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை வரக் கூடாது. செயினைப் பற்றி உனக்குத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவே கூடாது, நான் எழுதமாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுக்கவில்லை, வாயை மூடிக்கொண்டு வந்தேன், அவ்வளவுதான், அதையே அவள் வாக்கு என்று எடுத்துக்கொண்டிருப்பாள். தெரியாமல் எழுதிவிட்டேன் அக்கா என்று எழுது. அதற்கு மேல் என்ன எழுதுவது என்று என்னைக் கேட்காதே. ஐந்து வயதுவரை உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவள் அவள், அவளிடம் பேச உனக்கு நான் வரி சொல்லித் தர வேண்டுமா. மச்சானுக்கும் ஸலாம் எழுது, நீ ஊருக்குப் போன அன்றைக்கு அவர் பஸ் நிலையத்துக்கு வரவில்லை என்று இன்னும் மனதில் வைத்திருக்கிறாய், எனக்குத் தெரியும், அன்றைக்கு மில்லில் அவருக்கு லீவு கொடுக்கவில்லை.

மற்றபடி இங்கே சேதி அதிகம் இல்லை. மண்ணெண்ணெய் கிடைப்பது கஷ்டமாக இருக்கிறது, ஸஹருக்கு விறகுதான். அத்தாவுக்குக் கீழ்ப்பல் இரண்டு ஆடுகிறது, பெருநாள் கழித்துப் பிடுங்கலாம் என்று சொல்லிக்கொண்டே போன பெருநாளில் இருந்து ஓட்டுகிறார். ஜெயவேலு புதுத் தறி ஒன்று போட்டிருக்கிறார், முதல் சேலை அறுத்தபோது நமக்கும் சுண்டல் வந்தது. போளூரில் உனக்கு ஒரு பெண் சொன்னார்கள், பி.யூ.சி. படித்தவள், நல்ல குடும்பம். பதில் சொல்லவில்லை. கைரு வந்து பார்த்துச் சரி என்று சொன்னால்தான் நான் மேலே பேசுவேன், அக்கா இல்லாமல் உனக்குப் பெண் பார்க்க நான் தயாராக இல்லை. நீ இஃப்தாருக்குக் குளிர்ந்த தண்ணீரை ஒரே மூச்சில் குடிக்காதே, தொண்டை பிடித்துக்கொள்ளும். வெயிலில் குடை பிடிக்க வெட்கப்படாதே.

நான் கடுமையாக எழுதியிருந்தால் மனதில் வைக்காதே, நோன்பு வாயோடு எழுதினது. நீ கெட்ட பிள்ளை இல்லை, ஜகாத்துக் கொடுக்காமல் எத்தனையோ பேர் அங்கேயே ரேடியோவும் டேப்பும் வாங்கி அடுக்கிக்கொண்டு இருக்கிறார்கள், நீ நாள் தவறாமல் கணக்குப் பார்த்து அனுப்பினாய், அதற்காக ஒவ்வொரு தொழுகையிலும் உனக்கு துஆ கேட்கிறேன். அல்லாஹ் உன் ஹலாலான சம்பாத்தியத்தில் பரக்கத் செய்யட்டும், உன் கையைக் கொடுக்கிற கையாகவே வைக்கட்டும், நம் எல்லாரையும் ஒரு வீட்டில் ஒரு பாயில் உட்கார வைக்கட்டும். அத்தா ஸலாம் சொல்லச் சொன்னார்.

இந்தக் கடிதம் உனக்கு ஜூலை பதினொன்று வாக்கில் கிடைக்கும். அன்றைக்கே எழுதித் தபாலில் போட்டால் எனக்கு இருபத்து மூன்றுக்குள் வந்துவிடும், வேலூரில் பணம் கட்ட ஒரு வாரம் இருக்கும். தாமதமாகும் என்று தெரிந்தால் தந்தி கொடு. பதிலை ஜல்தியாகப் போடு.

இப்படிக்கு,
உன் அம்மா
ஹமீதா பீ